அடுப்பு மூட்டும் வரிசை

பெரிய காஞ்சிபுரத்துச் சமையல்காரர் துரைக்கண்ணு ஒற்றை அடுப்போடு தனியாளாகச் சமைத்த வரைக்கும் ஒரு பந்தியும் சொதப்பியதில்லை. எழுபத்திரண்டாம் வருஷம் ஒரு பெரிய கல்யாணம் கிடைத்தது. நாலு ஆள், நாலு அடுப்பு, எல்லாம் ஒரே நேரத்தில்! மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பத்த வைங்கப்பா எல்லாத்தையும்!"

சாம்பார் அடுப்பிலிருந்த ஆதிகேசவன் வெந்த பருப்பு மொத்தத்தையும் காய்க்குள் கொட்டிக் கிளறிவிட்டான். ரசத்துக்குப் புளி கரைத்து நின்ற ஏகாம்பரம் திரும்பினான்.

"பருப்புத் தண்ணி எங்கப்பா?"

"எனக்கு யாரும் சொல்லவே இல்லியே!"

சொல்லியிருக்க வேண்டியவர் துரைக்கண்ணுதான். தனியாகச் சமைத்தபோது, வெந்த பருப்பின் மேல் தண்ணீரை ரசத்துக்கு இறுத்து வைத்துவிட்டுத்தான் சாம்பாரையே தொடுவார். கைக்குத் தெரிந்திருந்தது, வாயால் சொல்ல வேண்டி வந்ததில்லை. அன்று பந்திக்குப் போனதை ரசம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்த கல்யாணத்தில் அடுப்பு மூட்டும் முன் ஒவ்வொருவரையும் கேட்டார்: "நீ யாருக்குக் காத்துக்கினு இருக்கணும்?"

"யாருக்கும் இல்ல" என்றவன் அடுப்பு முதலில் எரிந்தது. ஒன்று இறங்க, அதற்காகக் காத்திருந்தது ஏற, அண்டா அண்டாவாக வேலை பறந்தது! துரைக்கண்ணுவுக்குக் குஷி தாங்கவில்லை.

அப்போது பெண்ணின் அப்பா ஓடிவந்தார். "அப்பள அடுப்பு மட்டும் ஏன்யா சும்மா கிடக்குது? மூட்டுய்யா!"

"நீங்க யாருக்குக் காத்துக்கினு இருக்கீங்க?"

"மாப்பிள்ளை வண்டி இன்னும் வரலப்பா."

"அப்பளமும் அவருக்குத்தாங்க காத்துக்கினு இருக்குது."