முழங்காலளவுத் தண்ணீர்

எங்கள் சபையில் வருஷத்தின் முதல் ஞாயிறு சாட்சி ஞாயிறு. அன்றைக்குப் பிரசங்கம் கிடையாது. கடந்த ஒரு வருஷத்தில் ஆண்டவர் தனக்கு என்ன செய்தார் என்று சபையார் ஒவ்வொருவராக எழுந்து சொல்லவேண்டும். கடந்த ஒரு வருஷம் என்பதுதான் விதி. அந்த விதியை நாற்பத்தொரு வருஷமாக, கூச்சமே இல்லாமல், மைக்கைப் பிடித்துக்கொண்டு மீறிய ஒரே ஆள் நான்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. என் பத்தொன்பதாம் வயதில், மாரி வெள்ளம் கரைபுரண்ட ஒரு நாளில், நானும் என் சிநேகிதியும் வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைக்கு ஊழியத்துக்குப் போய்விட்டுத் தோணியில் திரும்பிக்கொண்டிருந்தோம். நடு வாவியில் தோணி கவிழ்ந்தது. தலைக்கு மேல் தண்ணீர். இரண்டு முதலைகள். "ஆண்டவரே!" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். முதலைகள் திரும்பிப் போயின. ஒரு கை என்னைத் தூக்கியது. கண் திறந்தபோது கரையில் கிடந்தேன். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தி, கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுப்பேன்.

சபைக்கு இது மனப்பாடம். பாடகர் குழுவில் இருக்கிற பெண்கள் என்னோடு சேர்ந்து வாயசைப்பார்கள். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் ஆலயத்துக்குப் பின்னால் இதை விளையாட்டாகவே ஆடுவார்கள். முதலையாக நடிக்கத்தான் அங்கே போட்டி அதிகம். எல்லோரும் என்னைச் 'சாட்சி அக்கா' என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். பொய் சொல்லவில்லை, மிகவும் பிடிக்கும்.

என் கணவர் மட்டும் அந்த நேரத்தில் தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் எதையோ பென்சிலால் எழுதுவார். மனுஷனுக்குப் பக்தி வந்துவிட்டது, குறிப்பெடுக்கிறார் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அவர் குளத்தின் நீர்மட்டம் அளக்கிற வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் குளத்தில் நட்ட கோலைப் பார்த்து, எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று புத்தகத்தில் பதிய வேண்டும். பெருவெள்ளம் வந்து கோலே மூழ்கிப் போனால் 'கோல் எட்டவில்லை' என்று எழுதுவார்களாம். தன் காலத்தில் இரண்டு தரம்தான் அப்படி எழுதியதாகச் சொல்லுவார். அந்த இரண்டு தரத்தையும் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்.

இந்த வருஷச் சாட்சி ஞாயிறுக்கு எனக்கொரு அதிசயம் காத்திருந்தது. தோணியில் என்னோடு இருந்த அதே சிநேகிதி, வேறு சபைக்காரியானதால் என் சாட்சியை ஒருநாளும் கேட்டிராதவள், முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்து, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. உயிருள்ள அத்தாட்சியே வந்துவிட்டதே! அன்றைக்கு நான் சாட்சி சொன்ன மாதிரி என் ஆயுளில் சொன்னதில்லை. முதலைக்கு வால்கூட வைத்தேன். "அந்தச் சிநேகிதி இதோ இருக்கிறாள்!" என்று கை காட்டினேன். சபை கைதட்டியது. அவள் மட்டும் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருகிப்போய்விட்டாள் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி மேசையைச் சுற்றி நின்றோம். அவள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் உரத்துப் பேசிப் பழகிய குரலில் கேட்டாள்.

"என்னகா இது? முதல எங்க இருந்து வந்தது?"

நான் அவள் கையைக் கிள்ளினேன். அவளுக்கு அது விளங்கவில்லை.

"தண்ணி முழங்காலளவுதானே கா! நாம நடந்துதானே கரைக்கு வந்தம்! தோணிக்காரன் ஏசி ஏசி நம்மளக் கொண்டெல்லோ தோணியத் தள்ளுவிச்சவன்! பிறகு, ஊழியமா? கொக்கட்டிச்சோலைக் கோயில் தேர் பார்க்கவெல்லோ ரெண்டு பேரும் வீட்டுக்குச் சொல்லாமப் போனம்!"

மேசையைச் சுற்றி இருந்த அத்தனை கோப்பைகளும் வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றன. போதகர் சீனிப் போத்தலை உற்றுப் பார்த்தார். நான் கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோ தேடி ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் கைப்பை, பாட்டுப் புத்தகம், குடை எல்லாவற்றையும் கட்டிலில் எறிந்தேன். பாட்டுப் புத்தகம் பின்னட்டைப் பக்கம் திறந்து விழுந்தது. அவருடைய புத்தகம். உள்ளே பென்சிலில், குளத்துப் பதிவேட்டில் எழுதுவதைப் போலவே, கோடு போட்டு, வருஷம் போட்டு ஒரு பட்டியல். இடுப்பு. இடுப்பு. இடுப்புக்கு மேல். நெஞ்சு. நெஞ்சு. கழுத்து. தலைக்கு மேல். தலைக்கு மேல், முதலை ஒன்று. தலைக்கு மேல், முதலை இரண்டு. கடைசி வரியில் ஈரம் காயாத மாதிரி அன்றைய பதிவு: முதலை இரண்டு, வாலுடன்.

"இது என்ன?" என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"நீர்மட்டம்," என்றார். "நான் அளக்கிற ஆள். மட்டம் ஏறினா எழுதாம இருக்கேலாது புள்ள."

"அப்ப பொய்யெண்டு உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தேர் நடக்கிறது கோடையில. அந்த நேரம் வாவி வத்திக் கிடக்கும். ஆனா நீதான் தேர் எண்டு ஒருநாளும் சொல்லல்லியே. முதல்ல மாரியெண்டுதான் நானும் நம்பின நான். கழுத்துக்கு வந்தோடனதான் கொஞ்சம் யோசிச்ச நான்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா நிப்பாட்டிருவாய். வருஷத்துல ஒருக்கா கிடைக்கிற சந்தோஷம்."

அழ வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, முழங்காலில் தொடங்கி முதலையில் முடிகிற கணக்கு ஒருநாளும் கண்ணில் படவில்லையே! கட்டிலில் விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்த பிறகுதான் நினைவு வந்தது. அடுத்த சனிக்கிழமை செட்டிபாளையத்தில் மாதர் ஒன்றுகூடல். ஆறு சபைப் பெண்கள் வருகிறார்கள். சாட்சி சொல்ல என்னைத்தான் அழைத்திருந்தார்கள். அவர்கள் கொடுத்திருந்த தலைப்பு, விசுவாசத்தில் வளருதல்.

உண்மையில் அன்று நடந்தது இதுதான். தேர் பார்த்தோம், கடலை வாங்கினோம், வளையல் வாங்கினோம். திரும்பும்போது வளையலை வெயிலில் பார்ப்பதற்கு இரண்டு பேரும் ஒரே பக்கமாக எழுந்து நின்றோம். தோணி சரிந்தது. நான் ஜெபித்தது உண்மை. ஆனால் அந்த ஜெபம், "ஆண்டவரே, அம்மாவுக்குத் தெரியக் கூடாது" என்பதுதான். நனைந்த பாவாடையோடு போய் நின்ற என்னிடம் அம்மா விசாரிக்க, ஊழியம், தோணி, ஆபத்து என்று அவிழ்த்துவிட்டேன். அம்மா அழுதுகொண்டே போதகரிடம் கூட்டிப்போக, அடுத்த ஞாயிறே மேடை ஏற்றிவிட்டார்கள். அங்கே நின்றபோது அம்மாவின் முகத்தைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. இப்படிக் காப்பாற்றுகிற ஆண்டவர் எனக்கும் வேண்டும் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே ஆசைப்பட்டேன். அது பொய் இல்லை. அதற்குப் பிறகு நான் அந்த மேடையை விட்டு இறங்கவே இல்லை, சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியும்விட்டேன் என்பதுதான் கோளாறு.

ஞாயிறு பின்னேரமே வேறொரு சாட்சி தேட ஆரம்பித்தேன். நாற்பத்தொரு வருஷத்தில் ஒன்றாவது இருக்காதா? வேதாகமத்தை எடுத்துப் புரட்டினேன். கோடு போட்ட வசனங்கள் எல்லாம் நீல மையில், வகுப்புப் பிள்ளை போடுகிற மாதிரி அடிமட்டம் வைத்து இழுத்தவை. எல்லாம் என் இருபத்தைந்து வயதுக்கு முன் போட்டவை. அதற்குப் பிறகு ஒரு கோடு இல்லை. பழைய ஏற்பாட்டின் நடுவில் சில பக்கங்கள் அச்சகத்தில் ஒட்டினபடியே இருந்தன. வெண்ணெய்க் கத்தியால் பிரிக்க வேண்டியிருந்தது.

அப்போது பயம் வந்தது. ஊர் சிரிக்கும் என்ற பயம் இல்லை, அது ஏற்கெனவே சிரித்துவிட்டது. என் சாட்சிதான் வருஷா வருஷம் வளர்ந்திருக்கிறது, நான் வளரவில்லை. தோணியை எடுத்துவிட்டால் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா? பத்தொன்பது வயதில் தைத்த சட்டையை அறுபது வயதிலும் போட்டுக்கொண்டு, அளவாயிருக்கிறது என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, பிரித்த பக்கங்களை வாசிக்கத் தொடங்கினேன். புதன்கிழமையும் வாசித்தேன், ஒன்றும் விளங்கவில்லை. அறுபது வயதில் ஒன்றும் விளங்காமல் இருப்பது எவ்வளவு உற்சாகமான காரியம் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வியாழக்கிழமை தோணியைப் பற்றிப் பேசாமல் முதல் தரம் ஜெபித்தேன். "ஆண்டவரே, உங்களைப் பழக்கம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அவ்வளவு பழக்கம் இல்லை. முதலிலிருந்து பழகுவோமா?" என்றேன். சொல்லி முடித்ததும் ஏனோ ஒரே சந்தோஷமாக இருந்தது. எழுந்து போய்க் குசினியில் நின்று தனியாகப் பாடினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பக்கம் வந்தது. ஒரு தீர்க்கதரிசி கண்ட தரிசனம். ஆலயத்திலிருந்து தண்ணீர் புறப்பட்டு ஓடுகிறது. ஒருவன் கையில் அளவுநூலோடு போய் அளக்கிறான். முதலில் கணுக்கால். இன்னும் கொஞ்சம் போய் அளந்தால் முழங்கால். இன்னும் போனால் இடுப்பு. அதற்கும் அப்பால் கால் எட்டாத, நீந்தினால் அல்லாமல் கடக்க முடியாத ஆறு.

"இஞ்ச ஓடி வாங்க!" என்று கத்தினேன். அவர் சவரக் கத்தியும் கன்னத்தில் நுரையுமாக ஓடி வந்தார். "உங்களப் போல ஒராள் வேதத்துல இருக்கார்! தண்ணி அளக்கிற ஆள்!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். தாளில் நுரை சொட்டியது. "நல்ல வேலக்காரன். ஒழுங்கா இடைவெளி விட்டு அளந்திருக்கான்," என்றார். பிறகு போகிற போக்கில் சொன்னார்: "ஆனா ஒண்டு புள்ள. தண்ணி எழும்பி வரல்ல. ஆள்தான் உள்ளுக்குப் போயிருக்கு."

நான் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் கரையில் நின்றுகொண்டே நாற்பத்தொரு வருஷமாகத் தண்ணீரை வாயால் ஏற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே போக ஒரு எட்டு வைக்கவில்லை.

சனிக்கிழமை செட்டிபாளையத்துக்குப் பஸ்ஸில் போனோம். திரும்பிப் போய்விடலாமா என்று மூன்று தரம் கேட்டேன். கணவர் கச்சான் கொட்டையை உடைத்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தார். மண்டபம் நிறையப் பெண்கள். மூன்றாம் வரிசையில் என் சிநேகிதி, செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு. அவளை நான்தான் தொலைபேசியில் கூப்பிட்டு வரச் சொல்லியிருந்தேன்.

மைக்கைப் பிடித்தேன். முன்னால் இருந்த, என் சாட்சியைக் கேட்டுப் பழகிய மற்றச் சபைப் பெண்கள் வழக்கம்போல வாயசைக்கத் தயாரானார்கள்.

"தண்ணீர் முழங்காலளவுதான்," என்றேன்.

நிறுத்தினால் ஓடிவிடுவேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தேர், கடலை, வளையல், அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்ற ஜெபம், பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டை, கத்தியால் பிரித்த பக்கங்கள். "முதலை நான் வளர்த்தது," என்று சொன்ன இடத்தில் என் சிநேகிதி அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தாள். அதோடு மண்டபமே சிரித்தது. "நான் வளர்ந்துவிட்டவள் என்று நினைத்துத்தான் இந்தத் தலைப்புக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். நான் தொடங்கி ஐந்து நாள்தான் ஆகிறது. இதுதான் இந்தக் கிழமைச் சாட்சி. அடுத்த வருஷம் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது," என்றேன். கைலேஞ்சியை எடுக்க மறந்துபோனேன்.

உட்காரப் போனபோது பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அக்கா, என்ட காய்ச்சல் நூற்றாறு எண்டு சொல்லுற நான். நூற்றொண்டுதான்," என்றாள். இன்னொருத்தி இருந்தபடியே கைதூக்கினாள். "டாக்டர் என்னக் கைவிட்டிட்டார் எண்டு சொன்ன நான். கைவிடல்ல, லீவுல போயிருந்தவர்." பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று கேட்க முடியாத அளவுக்குச் சிரிப்பு. கூட்டத்தை நடத்த வந்த அம்மா மேசையில் தட்டித் தட்டிக் கை நொந்து, கடைசியில் தன்னுடையதையும் சொல்லிவிட்டார். மதியச் சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்தியது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் பாட்டுப் புத்தகத்தை எடுத்து, பின்னட்டையைத் திறந்து, கோடு போட்டு, நாவில் தொட்டு ஈரமாக்கிய பென்சிலால் எழுதினார். வேறு என்ன எழுதப்போகிறார், 'முழங்கால்' என்று எழுதுவார். அத்தனை வருஷப் பட்டியலில் இதுவரை அந்தச் சொல் இல்லை. அதுவே எனக்குப் போதும் என்று எட்டிப் பார்த்தேன்.

'கோல் எட்டவில்லை' என்று எழுதியிருந்தார்.