ஜொகூர்பாருவில் ஒரு மெத்தை

பினாங்கின் டத்தோ கிராமாட் பகுதியில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் வின்சென்ட், வயது நாற்பத்தொன்பது, மூன்று மாதங்களாகப் பயப்படுவதை முழுநேர வேலையாகச் செய்துவந்தார். காலையில் குளித்து, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்து பயப்படத் தொடங்குவார். மதியம் ஒரு மணி நேரம் இடைவேளை. மாலையில் கிளினிக் வேலை முடிந்து மனைவி லீனா வந்ததும் இருவரும் சேர்ந்து கொஞ்ச நேரம் பயப்படுவார்கள். சம்பளம் கிடையாதே தவிர, மனிதர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

அதற்கு முன்பு அவர் பாயான் லெப்பாஸில் ஒரு கணினி உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். பழுதான பாகம் கைக்கு வந்தால் ஒதுக்கிப் போடுவதோடு விடமாட்டார். ஏன் பழுதானது? அது ஏன்? அதுவும் ஏன்? என்று ஐந்து முறை தோண்டுவார். அந்தத் தொழிலில் அதுதான் முறை. ஐந்தாவது ‘ஏன்’னுக்கு அடியில்தான் உண்மையான காரணம் படுத்திருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஆனால், “உங்கள் பிரிவை முழுசாக வேறு நாட்டுக்கு மாற்றுகிறோம்” என்று நிர்வாகம் ஆட்குறைப்பை அறிவித்த அன்று வின்சென்ட் ஒரு ‘ஏன்’கூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

பயம் என்றால் மூடுபனி மாதிரி உருவமில்லாத சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. வின்சென்ட்டின் பயத்துக்கு உருவம் இருந்தது. அது ஒரு மெத்தை. லீனாவின் அண்ணன் பேட்ரிக், ஜொகூர்பாருவில் இருந்துகொண்டு தினமும் எல்லை தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அவரைப் போலவே விடியுமுன் கிளம்பும் ஆண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. அதில் ஒரு மெத்தை காலி. வின்சென்ட்டும் அங்கே தங்கி சிங்கப்பூரில் வேலை பார்த்தால், மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் பினாங்குக்கு வந்து மனைவியையும் மகளையும் பார்த்துக்கொள்ளலாம். மாதக் கடைசிக்குள் இங்கே வேலை கிடைக்காவிட்டால் அந்த மெத்தைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. பேட்ரிக் நல்லவர். ஞாயிறு தவறாமல் செய்தி அனுப்புவார்:

“மச்சான், மெத்தை இன்னும் காலியாதான் இருக்கு. பயப்படாதீங்க.”

அதைப் படித்ததும் வின்சென்ட்டுக்கு வியர்க்கும்.

இந்த நிலையில் அவருக்குக் குருவாக வாய்த்தவர் புவனேஸ்வரன். அதே தொழிற்சாலையில் முந்தைய ஆட்குறைப்பில் போனவர். அதன்பின் பன்னிரண்டு நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்ப் பன்னிரண்டிலும் தோற்று, அந்த அனுபவத்தின் பலத்தில் மற்றவர்களுக்குப் பயிற்சி அளித்துவந்தார்.

“அண்ணே, இப்பல்லாம் வேலைய தேடக்கூடாது லா. ஆள தேடணும். நெட்வொர்க்கிங்! நீங்க வேல தேடுறது நாலு பேருக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?”

“வேல தேடுறாருன்னு நினைப்பாங்க.”

“அதான் தம்பி எனக்குப் பயம்.”

புவனேஸ்வரனின் வற்புறுத்தலால் லிங்க்ட்இன்னில் தன் படத்தைச் சுற்றி ‘வேலைக்குத் தயார்’ என்ற பச்சை வளையத்தை மாட்டினார். பத்து நிமிடத்தில் பழைய சக ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டார். பார்ப்பதற்காகவே மாட்டிய வளையத்தை, பார்த்துவிட்டார்களே என்று கழற்றினார். ஞாயிறு பூசைக்குப் பிறகு கோவில் வளாகத்தில் காப்பி குடித்தபடி நாலு பேருடன் பேசுவதுதான் கத்தோலிக்கர்களுக்கு வசதியான நெட்வொர்க்கிங். அதற்காகவே சீக்கிரம் போனவர், முதல் ஆள் “இப்ப எங்க வேல?” என்று கேட்குமுன், இன்னொருவர் காரை மறித்துக் காடியை நிறுத்திவிட்டேன் என்று சொல்லி ஓடிவந்தார். அன்று அவர் பஸ்ஸில் போயிருந்தார்.

அப்போதுதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிறை என்ற ஊரிலிருந்து அழைப்பு வந்தது. மருத்துவக் குழாய்கள் செய்யும் தொழிற்சாலை. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. செவ்வாய்க்கிழமை நேர்முகம். நேர்காண்பவர் அப்பிரிவின் தலைவி இஸ்ஸதி. புவனேஸ்வரனின் மனைவி சந்திரிகா அவருக்குக் கீழேதான் வேலை பார்க்கிறார்.

“அண்ணே, அடிச்சது லக்கு! சனிக்கிழமை அந்தம்மா வீட்டுல நோன்புப் பெருநாள் ஓப்பன் ஹவுஸ். வீடு செபராங் ஜெயாவுல. போங்க, சாப்பிடுங்க, முகத்தக் காட்டுங்க. செவ்வாக்கிழமை அவங்களுக்கு நீங்க தெரிஞ்ச ஆளு!”

“கூப்பிடாம எப்படிப் போறது?”

“ஓப்பன் ஹவுஸுண்ணே! திறந்த வீட்டுக்கு எவன் அழைப்பு குடுப்பான்?”

வெள்ளி மாலை லீனா ஒத்திகைக்கு உட்கார்ந்தார். கிளினிக் முகப்பில் நோயாளிகளைப் பதிவுசெய்து பழகியவர் அவர். நேர்முகமும் அந்த வழியிலேயே போனது.

“பேரு?”

“வின்சென்ட்.”

“என்ன செய்யுது?”

“பயமா இருக்கு.”

“எத்தன நாளா?”

“மூணு மாசமா.”

லீனா பேனாவை வைத்துவிட்டார். “இப்படியே அங்க போய்ச் சொல்லிடாதீங்க. பலம் என்ன, பலவீனம் என்னன்னு புவனேஸ் எழுதிக் குடுத்தத மனப்பாடம் பண்ணுங்க. பலவீனம் கேட்டா என்ன சொல்லணும்?”

“அளவுக்கு மீறி உழைக்கிறேன்.”

“சிரிக்காம சொல்லுங்க.”

“சிரிக்கல லீனா. உதடு நடுங்குது.”

சனிக்கிழமை பூப்போட்ட பாத்தேக் சட்டையுடனும் சுயவிவரம் வைத்த பழுப்பு உறையுடனும் பாலம் கடந்தார். புவனேஸ்வரன் அனுப்பிய குறிப்பில் தெருவின் பெயரும் ‘பந்தல் போட்ட வீடு’ என்பதும் மட்டுமே இருந்தன. தெருவில் அடுத்தடுத்து இரண்டு பந்தல்கள். வாசலில் ஆட்கள் நின்றார்கள், கேட்டிருக்கலாம். வின்சென்ட் கேட்கவில்லை. வாசனை அதிகமாக வந்த பந்தலுக்குள் நுழைந்தார்.

திறந்த இல்ல உபசரிப்பின் மகத்துவம், நீ யார் என்று எவரும் கேட்பதில்லை. வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் வந்து கையைப் பிடித்தார். “மாசோக், மாசோக்! உள்ள வா, முதல்ல சாப்பிடு!” பெயர் ஸுல்கிஃப்லி, ஃபெர்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்ஸதியின் தகப்பனார் என்று வின்சென்ட் தீர்மானித்துக்கொண்டார்.

ரெண்டாங் இறைச்சி உள்ளே போகப் போக வின்சென்ட்டுக்கு ஏதோ நடந்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் மலாயில் மடமடவென்று வந்தது. தான் குழுவோடு ஒத்துழைப்பதை, நெருக்கடியில் நிதானம் இழக்காததை, அளவுக்கு மீறி உழைப்பதை அவர் விளக்க, மகனுக்குப் பெண் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல ஸுல்கிஃப்லி அவரை மேலும் கீழும் பார்த்தார். என் மகள்கள் எல்லாருக்கும் கல்யாணம் ஆகிவிட்டதே என்ற குழப்பம் அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விருந்தாளி. இன்னொரு கரண்டி இறைச்சி வைத்தார்.

“அப்படியே இஸ்ஸதியையும் பார்த்துட்டுப் போறேன்” என்றார் வின்சென்ட், கை கழுவிக்கொண்டு.

“இஸ்ஸதியா? அது பக்கத்து வீடு.” ஸுல்கிஃப்லி சந்தோஷமாக எழுந்தார். “வா, நானே கூட்டிட்டுப் போறேன்.”

நெருக்கடியில் நிதானம் இழக்காத வின்சென்ட், காடியை மறித்து நிறுத்திவிட்டதாகச் சொல்லி ஓடினார். பாலத்தின் நடுவில்தான் உறை நினைவுக்கு வந்தது. அது நாற்காலியிலேயே இருந்தது.

ஞாயிறும் திங்களும் அவர் மிகை நேரம் பயந்தார். இஸ்ஸதிக்குத் தெரிந்திருக்குமா? தெரு முழுக்கச் சிரித்திருக்குமா? போகாமல் இருந்துவிடலாமா?

“போகலன்னா மெத்தைதான்” என்றார் லீனா. சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வின்சென்ட் செவ்வாய்க்குச் சட்டையைத் தேய்த்து மாட்டினார்.

பிறையில் லாரிகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்துப் போய், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும் இஸ்ஸதி உள்ளே வந்து மேசைமேல் ஒரு பழுப்பு உறையை வைத்தார். அதன் மூலையில் ரெண்டாங் எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது.

“பக்கத்து வீட்டு பாக் ஸுல் கொண்டுவந்து கொடுத்தார்” என்றார் மலாயில். “‘உன் வீட்டு ஆள் என் வீட்டில் சாப்பிட்டுட்டு ஓடிட்டார், பாவம், ரொம்ப உழைக்கிறாராம்’னு சொன்னார்.”

வின்சென்ட்டுக்குக் காதுக்குள் மெத்தை விரிக்கும் சத்தம் கேட்டது.

“உங்க பலவீனம் என்னன்னு நான் கேக்கப்போறதில்லை” என்றார் இஸ்ஸதி. சிரிக்கவில்லை. “நீங்க தரக்கட்டுப்பாட்டு ஆள். ஒரு பழுது நடந்திருக்கு. ஆள் ஒருத்தர் தப்பான வீட்டுக்குள்ள போயிட்டார். ஏன்?”

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. வின்சென்ட்டின் முதுகு தானாக நிமிர்ந்தது.

“குறிப்பில் பந்தல் வீடுன்னு மட்டும் இருந்தது. பந்தல் ரெண்டு இருந்தது.”

“வீட்டு எண்ணைக் கேட்டு வாங்கலையே, ஏன்?”

“எண் கேட்டா, கூப்பிடாமப் போறேன்னு எனக்கே உறுதியாயிடும்.”

“சரி. வாசல்ல ஆள் இருந்தாங்க. அவங்களக் கேக்கல. ஏன்?”

“கேட்டா, நீங்க யாருன்னு திருப்பிக் கேப்பாங்க.”

“கேக்கட்டுமே. அதுல என்ன பயம்? ஏன்?”

நாலு ‘ஏன்’ முடிந்திருந்தது. வின்சென்ட் உறையின் எண்ணெய்க் கறையைப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா யாருன்னு கேட்டா கம்பெனிப் பேரைச் சொல்வேன். அதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வராது. இப்ப சொல்றதுக்கு என் பேரு மட்டும்தான் இருக்கு. அது போதாதுன்னு…” அவர் நிறுத்தினார். “போதாதுன்னு தோணிடுச்சு.”

ஐந்தாவது ‘ஏன்’னை இஸ்ஸதி கேட்கவில்லை.

“திருத்த நடவடிக்கை?” என்றார்.

“வாசல்லயே நின்னு கேக்கறது.”

“யாருன்னு கேட்டா?”

“வின்சென்ட். வேலை தேடுறேன்னு.”

இஸ்ஸதி எதையோ குறித்துக்கொண்டார். அதன்பின் குழாய்களைப் பற்றியும் கசிவுச் சோதனையைப் பற்றியும் கேட்டார். வின்சென்ட் தெரிந்ததற்குப் பதில் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். புவனேஸ்வரனின் பயிற்சியில் இந்தக் கடைசிச் சொல்லுக்குக் கடும் தடை உண்டு.

வெள்ளிக்கிழமை தொலைபேசி வந்தது. வேலை கிடைத்துவிட்டது. லீனா சிலுவை அடையாளம் போட்டு அழுதார். புவனேஸ்வரன் அதைத் தன் பயிற்சியின் முதல் வெற்றியாக உடனே லிங்க்ட்இன்னில் அறிவித்தார். ஸுல்கிஃப்லிக்கு ஒரு பெட்டி பலகாரத்தை வின்சென்ட் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார், இம்முறை வீட்டு எண்ணைக் கேட்டுக்கொண்டு.

எல்லாரும் தூங்கப் போனபின், வேலை உத்தரவை இன்னொரு முறை படித்தார். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று ஒரு வரி இருந்தது. மூன்று மாதமாகச் சம்பளமில்லாமல் பார்த்த வேலையை இனிச் சம்பளத்தோடு பார்க்கப்போகிறார் என்பது அவருக்கு விளங்கியது. கைபேசியை எடுத்து, பேட்ரிக்குக்கு எழுதினார்:

“மச்சான், பிறையில வேலை கெடச்சிருச்சு. ரொம்ப சந்தோஷம். மெத்தைய மட்டும் ஆறு மாசத்துக்கு யாருக்கும் குடுத்துடாதீங்க.”