பாண்டிலட்சுமி அக்காவும் திறக்காத பென் டிரைவும்

பாண்டிலட்சுமி அக்கா ஒரு நாளைக்கு நூறு வெடிக்குக் குறையாமல் வெடிப்பார். தீபாவளியன்று மட்டும் வெடிக்க மாட்டார். அன்றைக்கு அவருக்கு லீவு.

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் அதுதான் அவர் வேலை. ஒவ்வொரு லோடும் வெளியே போவதற்கு முன்பு அதிலிருந்து சில பெட்டிகளை எடுத்து, பின்புறப் பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும். எத்தனை ஷாட் மேலே போனது, எத்தனை செகண்டு எரிந்தது, எது நமுத்துப்போனது என்று நோட்டில் எழுத வேண்டும். பத்தொன்பது வயதில் எம். புதுப்பட்டியிலிருந்து கம்பெனி வேனில் ஏறி வந்தவர். லேபிள் ஒட்டினார், திரி வெட்டினார், பெட்டி மடித்தார். இப்போது நாற்பத்திரண்டு வயது. பதினோரு வருடமாக வெடித்துப் பார்க்கிறார். கழுத்தில் தாலிக்கயிற்றோடு ஒரு ஸ்டாப் வாட்ச்சும் தொங்கும்.

நான் அதே கம்பெனியில் லேபிள் டிசைன் செய்கிறேன். ஒருநாள் அக்கா நேராக என் மேஜைக்கு வந்து ஒரு லேபிளைப் போட்டார்.

“தம்பி, முப்பது ஷாட்டுக்கு இருவத்தஞ்சு செகண்டுன்னு போட்டுருக்கீகளே, யாரு எண்ணுனது?”

“மேனேஜர் சார் சொன்னாருக்கா.”

“அவரு சேர்ல ஒக்காந்து எண்ணிருப்பாரு. பொட்டல்ல எண்ணுனா இருவத்தேழரை.”

அந்த இரண்டரை செகண்டில்தான் எல்லாம் தொடங்கியது.

ஆனி மாதம் வெளிமாநில டீலர்கள் வருவார்கள். அவர்களுக்காகக் கம்பெனி பொட்டலில் ஒரு வாணவேடிக்கை நடத்தும். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். போன வருடத்திலிருந்து அதை லேப்டாப் வழியாக விடுகிறோம். எந்த வெடி எந்த நொடியில் கிளம்ப வேண்டும் என்று ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்துவிட்டால், லேப்டாப் கேபிள் வழியாகப் பொட்டலில் உள்ள பற்றவைக்கும் பெட்டிகளுக்குச் சொல்லிவிடும். போன வருட லிஸ்ட் மேனேஜர் நவநீதகிருஷ்ணன் போட்டது. லேபிளில் இருந்த செகண்டை நம்பிப் போட்டார். ஒன்று முடிவதற்குள் அடுத்தது கிளம்பி, அதன் புகைக்குள் இன்னொன்று வெடித்து, கடைசியில் வானத்தில் சாம்பல் நிறம்தான் மிஞ்சியது. டீலர்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

பங்குனியில் அக்கா முதலாளி மணிகண்டராஜைப் போய்ப் பார்த்தார். கையில் பதினோரு வருடத்து நோட்டுகள்.

“லேபிள்ல போட்ட நேரத்துக்கு எந்த வெடியும் எரியாது மொதலாளி. எது எம்புட்டு நேரம் எரியும்னு இதுல இருக்கு. இந்த வருசம் நான் லிஸ்டு போடுதேன்.”

முதலாளி சின்ன வயதுக்காரர். நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “போடுங்கக்கா. நல்லா வந்துச்சுன்னா இந்த சீசன்ல வெளியூர் ஷோ ஆர்டர் அம்புட்டுக்கும் நீங்கதான் லிஸ்டு. வராட்டி, பழையபடி பொட்டல்தான்.”

அக்காவின் மகள் சுகிர்தா ஓசூரில் வேலை பார்க்கிறாள். பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் கிடந்தது. அதில் விண்டோஸ் எப்போதோ செத்துவிட்டது, லினக்ஸ் மட்டும் எழுந்திருக்கும். மகள் போனில் சொல்லச் சொல்ல, அக்கா அதில் தட்டச்சுப் பழகினார். மூன்று மாதம். அந்த லிஸ்ட்டை நான் பார்த்தேன். ஒரு வரிக்கு நாலைந்து சொல்தான். ‘42ஆம் செகண்டு. பச்சை. தாழ. இடது.’ அடுத்த வரி, ‘44. பச்சை. தாழ. வலது.’ அதற்கடுத்து, ‘47. வெள்ளி. ஒசர. ஒத்தை.’ நான் காசு கொடுத்து வாங்கிய கவிதைத் தொகுப்புகளில்கூட இத்தனை சிக்கனத்தைப் பார்த்ததில்லை.

நிகழ்ச்சி அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு அந்த லிஸ்ட்டைப் பென் டிரைவில் போட்டு, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். பொட்டலின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில்தான் வெடி விடும் லேப்டாப். அதுவும் லினக்ஸ்தான். ஏழே காலுக்கு நிகழ்ச்சி. டீலர்களுக்கு நாற்காலி போட்டாகிவிட்டது. வெடிகளுக்கெல்லாம் வயர் கொடுத்துவிட்டு ஃபோர்மேன் கோட்டைச்சாமி அண்ணன் பெட்டிகளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார்.

நான் பென் டிரைவைச் சொருகினேன். அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

கழற்றிச் சொருகினேன். பக்கத்து ஓட்டையில் சொருகினேன். மவுஸைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையிலும் சொருகினேன். விளக்கு எரிகிறது. திரை சும்மா இருக்கிறது. மவுஸை அதே ஓட்டையில் திரும்பச் சொருகினால் மவுஸ் ஓடுகிறது.

“டிரைவு போச்சுப்பா,” என்றார் மேனேஜர். “நான் எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு லிஸ்டு மிஷின்ல போட்டு வச்சிருக்கேன். அதே பெட்டிக, அதே வெடிக. அத விட்டுருவோம்.”

அக்காவின் முகம் சின்னதாகிவிட்டது. மேனேஜர் கெட்டவர் இல்லை. “இங்கன குடும்மா, எதுக்கும் என்னோடதுல போட்டுப் பாப்போம்” என்று தன் விண்டோஸ் லேப்டாப்பில் சொருகினார். உடனே திரையில் ஒரு கட்டம் முளைத்தது. இதைப் பயன்படுத்த வேண்டுமானால் பார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

“பாரு, இதுல வருது! செய்யிங்குறேன்,” என்று மேனேஜர் விரலைக் கொண்டுபோனார்.

“கையை எடுங்க சார்!”

அக்கா போட்ட சத்தத்தில் வெளியே நின்ற கோட்டைச்சாமி அண்ணன் உள்ளே ஓடிவந்தார். இருபத்து மூன்று வருடத்தில் அக்கா மேனேஜரை நோக்கிக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. “அழிச்சுருவீக சார். இத எங்க வீட்டு லினக்ஸ்லதான் பார்மேட் பண்ணுனேன். ஒங்க விண்டோசுக்கு இத வாசிக்கத் தெரியாது. தெரியாததைக் காலின்னு நெனைக்கும்.”

மேனேஜர் கையை எடுத்தார். மணி ஆறு ஐந்து.

வேறு வழியும் இல்லை. வெடிகளுக்கு வயர் கொடுத்திருக்கும் நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் எல்லாருடைய போனும் கேட்டிலேயே வாங்கி வைக்கப்பட்டிருந்தது. இந்த லேப்டாப்புக்கு இன்டர்நெட் கிடையாது. லிஸ்ட் உள்ளே போக வேண்டுமானால் பென் டிரைவ் வழியாகத்தான்.

எனக்கு உடனே அதை மறுபடி சொருகிப் பார்க்க அவசரம். அக்காவோ பென் டிரைவைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

“என்னக்கா பண்றீங்க?”

“வெடிக்காத வெடிய ஒடனே தொடக் கூடாது தம்பி. தொட்டவன் வெரலு இன்னைக்கு இல்ல.” ஒரு நிமிடம் அப்படியே போனது. பிறகு டிரைவைக் கொட்டகை லேப்டாப்பில் மறுபடி சொருகிவிட்டு, என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இப்பச் சொல்லுங்க. நமுத்த வெடியப் பிரிச்சா நான் ஒண்ணே ஒண்ணுதான் பாப்பேன். தீ எதுவரைக்கும் போச்சு, எங்கன நின்னுச்சு? வெளக்கு எரியுது. அப்ப திரி தீ வாங்கிருச்சு. அதுக்கடுத்து என்ன?”

எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தேன். “யூ.எஸ்.பி.யில யாரு வந்துருக்கான்னு கேக்கேன்” என்று lsusb அடித்தேன். மவுஸ் இருந்தது, வெடிப்பெட்டிக்குப் போகும் கேபிள் இருந்தது, பென் டிரைவ் கம்பெனியின் பெயரும் இருந்தது.

“அக்கா, ஆளு வந்து வாசல்ல நிக்குது!”

“அப்ப டிரைவு சாகல. அடுத்து?”

“டிஸ்க்கா ஏத்துக்கிச்சான்னு பாக்கணும்.” lsblk அடித்தேன். லேப்டாப்பின் சொந்த டிஸ்க் மட்டும் இருந்தது. வேறொன்றும் இல்லை.

“அப்ப வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவுலதான் நின்னுருக்கு.” அக்கா திரையில் விரல் வைத்தார். “நடுவுல என்ன இருக்கணும்?”

“usb-storage னு ஒரு மாட்யூல், குட்டிப் புரோகிராம். வந்து நிக்கிறவனைக் கூட்டிட்டுப் போயி டிஸ்க்குன்னு சொல்றது அதுதான். தானா ஏறிரும்.”

“ஏறிருக்கா?”

பார்த்தேன். இல்லை! கண்டுபிடித்துவிட்டோம். அதை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு பாஸ்வேர்டு வேண்டும். அது மேனேஜரிடம்தான் இருந்தது.

அவர் யோசித்தார். “ஏம்ப்பா, கிண்டிக் கிண்டி உள்ள இருக்கறதும் போயிட்டா? டீலருக வேன் அந்தா திரும்பிட்டு. என் லிஸ்டு ரெடியா இருக்குல்ல?”

கோட்டைச்சாமி அண்ணன் இடுப்புச் சாவியைத் தட்டிக் காண்பித்தார். “சாவி என்கிட்ட இருக்கு சார், ஒரு வெடியும் தானா போகாது. ஒங்க லிஸ்டு எங்க ஓடிரப் போகுது? போன வருசமே ஓடல.”

மேனேஜர் அவரை முறைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தார்.

நான் modprobe usb-storage என்று கொடுத்தேன். எந்தத் தவறும் இல்லை என்பதுபோல அடுத்த வரி வந்து நின்றது. ஆவலோடு மறுபடி பார்த்தேன். மாட்யூல் இல்லை. இன்னொரு தடவை கொடுத்தேன். சரி என்கிறது, செய்யவில்லை.

மணி ஆறு முப்பத்தைந்து. வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

“சரின்னு சொல்லுது, ஆனா ஏற மாட்டேங்குதுக்கா. புரியல.”

“நமுத்தா கருகிக் கெடக்கும். இது கருகவே இல்லையே.” அக்கா மெல்லச் சொன்னார். “வெட்டி விட்டாத்தான் இப்பிடி இருக்கும். யாரோ திரிய வெட்டிருக்காக தம்பி. எங்க வெட்டுவாக?”

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது. கெட்டுப்போனதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், வேண்டுமென்றே ஒருவர் நிறுத்தியிருப்பார் என்று நினைக்கவில்லை. மாட்யூல்களுக்கு உத்தரவு எழுதிவைக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. அதைத் திறந்தேன். ஏழெட்டு ஃபைல்கள். கடைசியில் ஒன்றின் பெயர், manager_sonnathu.conf.

மேனேஜர் சொன்னது!

“நான் என்னப்பா சொன்னேன்?” மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

உள்ளே இரண்டே வரி. முதல் வரி கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் புகழேந்தி எழுதிய குறிப்பு, ‘போன் சார்ஜ் போடக் கூடாது, மேனேஜர் சார் உத்தரவு.’ இரண்டாவது வரி, usb-storage மாட்யூலைக் கூப்பிட்டால் ஒன்றும் செய்யாமல் சரி என்று மட்டும் சொல்.

மேனேஜர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஆமாப்பா! மாசில பயலுக பூரா இந்த மிஷின்ல சொருகித்தான் போனுக்குச் சார்ஜ் போட்டானுக. வெடிக் கொட்டகைல சார்ஜ் போடலாமா? எந்தப் பயலும் சொருக முடியாம பண்ணிருன்னு புகழேந்திகிட்ட நான்தான் சொன்னேன்.”

“சார்,” என்றேன், எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, “இதுல சார்ஜ் ஏறத்தான் செய்யும். கரண்ட் வர்றத இது நிறுத்தாது. பென் டிரைவை மட்டும்தான் நிறுத்தும்.”

“அப்ப மாசிலருந்து?”

“ஏறிக்கிட்டுதான் சார் இருந்துச்சு,” என்றார் கோட்டைச்சாமி அண்ணன் கூரையைப் பார்த்தபடி. “நானே ரெண்டு தடவ போட்டேன்.”

அந்த இரண்டாவது வரியின் முன்னால் ஒரு # போட்டேன். அது போட்டுவிட்டால் லினக்ஸ் அந்த வரியைப் படிக்காது. சேமித்தேன். மாட்யூலை மறுபடி ஏற்றினேன். அக்கா பென் டிரைவைக் கழற்றித் தானே மறுபடி சொருகினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு எரிந்து எரிந்து அணைந்தது, படபடவென்று. திரையின் ஓரத்தில் குட்டியாக ஒரு படம் எழுந்தது. அதன் கீழே ‘பாண்டி’ என்று பெயர்.

“வந்துட்டா!” என்று கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்டது. அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். லிஸ்ட்டை ஏற்றினோம். ஒவ்வொரு வரியாக அக்கா விரல் வைத்துச் சரிபார்த்தார். மேனேஜர் தானே கோட்டைச்சாமி அண்ணனிடம், “போய்ச் சாவியப் போடுய்யா” என்றார். மணி ஏழு பன்னிரண்டு.

ஏழே காலுக்கு முதல் வெடி கிளம்பியது. நாற்பத்திரண்டாவது செகண்டில் பச்சை. தாழ, இடது. தாழ, வலது. நடுவில் ஒற்றை வெள்ளி, நிதானமாக ஏறி, உச்சியில் ஒரு கணம் யோசித்து, உடைந்தது. ஒன்று அணையும் இடத்தில் அடுத்தது பிறந்தது. அக்கா ஸ்டாப் வாட்ச்சை அழுத்திவிட்டு உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். டீலர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒரே நேரத்தில் நாற்பது சிவப்பு. மண் அதிர்ந்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

சட்டென்று எல்லாம் நின்றுபோனது.

இருட்டு. ஒரு சத்தமில்லை. முதல் வரிசையில் யாரோ நாற்காலியில் அசைந்தார்கள். மேனேஜர் துள்ளி எழுந்தார். “நின்னுருச்சு! போச்சு! என் லிஸ்ட்ட—”

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “ஒக்காருங்க சார். பொகை போகட்டும். ரெண்டு… மூணு…”

பொட்டலின் மேல் கட்டியிருந்த புகையை மேல்காற்று மெதுவாகக் கிழக்கே இழுத்துப்போவதை அப்போதுதான் பார்த்தேன். வானம் கழுவிவிட்டதுபோல் கறுத்தது.

“நாலு.”

தங்கம். பொட்டல் முழுக்க, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, தங்கம் மேலே போய்க் குடையாக விரிந்து, தரைவரைக்கும் இறங்கி வந்தது. டீலர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மேனேஜரும் நின்றார். அவர் கை இன்னும் அக்காவின் பிடியில்தான் இருந்தது, இரண்டு பேருக்கும் அது நினைவில்லை.

முடிந்ததும் முதலாளி கொட்டகைக்கே வந்தார். கூடவே சூரத்திலிருந்து வந்த ஒரு டீலர், இந்தியில் வேகவேகமாகப் பேசிக்கொண்டு. முதலாளி சிரித்தார்.

“அக்கா, கார்த்திகை மாசம் அவுக ஊர்ல மூணு ஷோவாம். லிஸ்டு போட்டவுகதான் வரணுங்காரு. ஒண்ணு கேக்காரு. நடுவுல வந்துச்சே, அந்த இருட்டு, அதான் ரொம்பப் பிடிச்சிருக்காம். அத ஆறு செகண்டாக்க முடியுமா?”

அக்கா பென் டிரைவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே யோசித்தார்.

“அவுக ஊருக் காத்து எம்புட்டு வேகம்னு கேளுங்க மொதலாளி. அதப் பாத்துத்தான் சொல்ல முடியும். ஆனா ஆறெல்லாம் தாங்காது. நாலுக்கே நம்ம மேனேஜர் சாரு எந்திரிச்சு ஓடப் பாத்தாக.”