வேன் வேண்டாமென்று குதிரைமலைக்குப் போன பயணம்

சென்ற மாசி மாதம், கடல் அலையடங்கிக் கிடந்த ஒரு வாரத்தில், உடப்பிலிருந்து குதிரைமலைக்குப் போய் வந்தேன். புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் மேற்கோரத்தில், கடலைப் பார்த்து நிற்கும் செம்மண் மேடு அது. அல்லி அரசாணி ஆண்ட இடம் என்பார்கள். வரலாற்று ஆர்வமே என்னை அங்கு இட்டுச் சென்றது என்று எழுதினால் கட்டுரைக்குக் கம்பீரமாக இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பின்னர் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்துத் தமிழை நானே தேடிச் சேர்த்தவள். அவ்விதம் எழுதவும் எனக்கு வரும். ஆனால் என்னை அங்கே அனுப்பியது பொறாமை.

என் கணவர் கடற்றொழிலாளி. ஐப்பசி முதல் சித்திரை வரை கற்பிட்டிப் பக்கம், கண்டக்குழிக் கரையில் ஓலையால் கட்டிய வாடியில் தங்கித் தொழில் செய்கிறார். அங்கிருந்து வடக்கே வலை போடப் போகும் படகுகளுக்குக் குதிரைமலையே அடையாளம். வெயில் பட்டதும் அந்த மேடு சிவந்து எழும்பும் அழகை ஒவ்வோர் ஆண்டும் வீட்டுக்கு வந்து விவரிப்பார். என்னால் கேட்க மட்டுமே முடியும். கணவன் தொழிலுக்குப் போகும் படகில் மனைவி கால் வைப்பதில்லை என்பது எங்கள் குடும்பங்களில் இன்றளவும் மீறப்படாத வழக்கம். கரையில் வலை இழுப்போம், மீன் பிரிப்போம், கருவாடு காயவைப்போம். படகில் ஏற மாட்டோம்.

அவர் தொழிலுக்குப் போகும் படகின் உரிமையாளர் சிலாபத்தைச் சேர்ந்த ஜெசிந்தா அக்கா. கணவர் இறந்தபின் இரண்டு படகுகளையும் தாமே நடத்துகிறார். எங்கள் வழக்கம் அவரைக் கட்டுப்படுத்தாது. ஒரு நாள் தம் படகில் தாமே ஏறிப்போய்க் குதிரைமலையைப் பார்த்திருக்கிறார். காட்டியவர் என் கணவர். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, சோற்றைப் பிசைந்தபடியே இதைச் சொன்னார்.

"அக்கா வாயத் திறந்தபடி பாத்துக்கொண்டு நிண்டா" என்று சிரித்தார்.

அன்றைய சோறு எனக்கு இறங்கவில்லை. அவர்கள் இருவர் மீதும் தவறான ஐயம் எதுவும் எனக்கு இல்லை. இதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். ஆனால், மணமாகி இத்தனை ஆண்டுகளில் எனக்குக் காட்டப்படாத ஒன்று இன்னொருத்திக்குக் காட்டப்பட்டுவிட்டது. கடலிலிருந்து பார்க்க எனக்கு வழியில்லை. ஆகவே காட்டு வழியாகச் சென்று உச்சியில் நின்று பார்ப்பதென்று தீர்மானித்தேன். அந்த உச்சியில் ஜெசிந்தா அக்காவின் கால் பட்டிருக்கவில்லை.

எப்படிப் போவது என்பதே அடுத்த கேள்வி. கண்டக்குழிக்குக் கணவரைப் பார்க்கப் போவது ஏற்கெனவே முடிவான பயணம். போகும் வழியில் புத்தளத்தில் பிரிந்து மலைக்குப் போய்த் திரும்புவது என் திட்டம். கைத்தொலைபேசியில் அவரிடம் சொன்னேன்.

"அக்காட வேன் உடப்புக்கே வரும். டீசல் மட்டும் அடிச்சாக் காணும்" என்றார்.

"வேண்டாம். நான் கோச்சியில போறன்."

"கோச்சி காட்டுக்குள்ள போகாதப்பா."

"போற இடம் மட்டும் போகட்டும். மிச்சத்தை நான் பாப்பன்."

வேனில் போனால் அதிகாலையில் புறப்பட்டு, ஒரே நாளில் மலையையும் பார்த்துக் கண்டக்குழிக்கும் போய்ச் சேரலாம். புகையிரதத்தில் போனால் முதல் நாளே புறப்பட்டுப் புத்தளத்தில் தங்க வேண்டும். எல்லாம் தெரிந்தே புகையிரதத்தைத் தேர்ந்தேன். ஜெசிந்தா அக்காவின் வேனில் ஏறி ஜெசிந்தா அக்காவை வெல்வது எப்படி?

துணைக்கு என் கணவரின் தங்கை சாந்தி வந்தாள். வியாழக்கிழமை பிற்பகல், முச்சக்கரவண்டியில் பத்துளுஓயா நிலையத்துக்குப் போனோம். புகையிரதம் நாற்பது நிமிடம் தாமதம். நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்தபடி சாந்தி தெருவைக் காட்டினாள்.

"அந்தா பாருங்க மச்சாள், ஒரு வேன் போகுது. குளிரூட்டினது."

"வாயை மூடும்."

"நான் வேனைத்தானே சொன்னன். ஆரிட வேனெண்டு சொன்னனானோ?"

மூன்றாம் வகுப்பில் ஏறி, இருக்கை கிடைக்காமல் நின்றபடியே முந்தலைத் தாண்டினோம். அதன்பின் இடப்பக்கம் அமர்ந்து வந்தால் தென்னந்தோப்புகளுக்கு இடையே களப்பு நீர் மின்னுவதைக் காணலாம். புத்தளத்தில் சாந்தியின் தோழி வீட்டில் இரவு தங்கினோம்.

வெள்ளிக்கிழமை காலை நான்கரை மணிக்கு, முன்பே பேசி வைத்திருந்த ஜீப் வந்தது. வாடகை ஒன்பதாயிரம் ரூபாய். காட்டின் நுழைவுக் கட்டணம் தனி. சாரதி நியாஸ், புத்தளத்து முஸ்லிம் இளைஞர். வண்ணாத்திவில்லு வழியாக எழுவன்குளம் போய், கலா ஓயாவின் தாழ்ந்த பாலத்தைக் கடந்தால் காட்டின் வாயில். அது ஆறு மணிக்குத் திறக்கிறது. மழைக்காலத்தில் ஆறு பாலத்தின் மேலால் ஓடும். அப்போது இந்த வழியை மறந்துவிடுங்கள்.

உள்ளே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் மண்பாதை. ஜீப்பின் கம்பியை இறுகப் பிடித்தபடி மான்களையும், பாலை மரத்தடியில் உலாவிய மயில்களையும், பாதை நடுவே ஆவி பறக்கும் யானை விட்டையையும் கண்டோம். யானையைக் காணவில்லை. போர்க்காலத்தில் இந்தக் காடு மூடப்பட்டிருந்தது. கடலிலும் அக்காலத்தில் இந்தப் பக்கம் நெருங்க முடியாது. இப்போதும் படகிலிருந்து இங்கே கரையேறச் சட்டம் இடந்தராது.

எட்டரைக்கு மேட்டின் மேல் ஜீப் நின்றது. இறங்க அனுமதியுள்ள சில இடங்களில் இதுவும் ஒன்று. செம்பு நிற மண், முழங்காலளவு புதர்கள், சிதைந்த செங்கல் கட்டடமொன்றின் அடிப்பகுதி. ஒரு காலத்தில் அங்கே நின்ற குதிரைச் சிலையின் கால் அது என்றார் நியாஸ். எதிரே கடல். நான் விளிம்புவரை போய் வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன். சிவந்து எழும்பும் மலை எங்கும் இல்லை.

"என்னா ராத்தா தேடுறீங்க?" என்றார் நியாஸ். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள்.

"மலையைத் தேடுறன் தம்பி. சிவப்பா நிக்குமெண்டு சொன்னாங்க."

"மலைக்கு மேலதான் நிக்கிறீங்க!"

சாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன்; நியாஸ் கூடாதென்றார். ஒரு நாளை வீணாக்கி, ஒன்பதாயிரம் கொடுத்து, எலும்பு குலுங்க வந்து சேர்ந்த பின்னும் ஜெசிந்தா அக்கா கண்டதை நான் காணவில்லை. அந்தச் செஞ்சுவரின் அழகு கடலிலிருப்பவர்களுக்கே உரியது. அது இன்னமும் ஜெசிந்தா அக்காவிடமே இருந்தது.

அன்று காலை அந்தப் பக்கம்தான் வலை என்று கணவர் சொல்லியிருந்தார். தொலைவில் ஏழெட்டுப் படகுகள் தெரிந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். எது அவருடையது என்று அறியாமல், எல்லாவற்றையும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பதரைக்கு வெயில் ஏறிக் கடலின் மேல் வெண்புகை போலப் புகார் படிந்தது. படகுகள் மறைந்தன. திரும்பினோம்.

புத்தளத்திலிருந்து பேருந்தில் கண்டக்குழிக்குப் போய்ச் சேர மாலை நாலரை ஆகிவிட்டது. வாடியின் முன் கணவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தராசருகே தொப்பியோடு நின்ற ஜெசிந்தா அக்கா முதலில் கண்டு கைகாட்டினார்.

"வாங்க தங்கச்சி! மலையப் பாத்தீங்களா? கடல்ல இருந்து பாத்தா லஸ்ஸனதான், என்ன?"

அழகு என்பதற்குரிய சிங்களச் சொல்லைப் போட்டுத்தான் அவர் எப்போதும் கதைப்பார். வெற்றியோடு சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

கணவர் வலையைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தார். "என்னைக் கண்டனீரோ?"

"எட்டுப் படகு நிண்டது. எது உங்கடை எண்டு எப்பிடித் தெரியும்?"

"நான் கையைக் காட்டினனான்."

ஜெசிந்தா அக்கா குறுக்கிட்டார். "கையா? பொடியனுகள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறானுகள். வலையைப் போட்டுட்டு, எழும்பி நிண்டு தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினாராம். ஒண்டு ரெண்டு நிமிஷமில்லை, படகே கவிழப் பாத்திச்சாம். என்னைக் கூட்டிக்கொண்டு போன அண்டைக்கு, 'அந்தா மலை' எண்டு விரலை நீட்டினதோட சரி!"

கணவர் வலையைக் குனிந்து பார்த்தார். இந்த வயதில் அவர் வெட்கப்பட்டதை நான் எங்கே பதிவு செய்வது? இங்கேயே செய்கிறேன்.

பின்னர் அவர் மெதுவாகக் கேட்டார்: "மேல என்ன இருக்கு?"

இத்தனை பருவங்களாகக் கீழிருந்தே அந்த மேட்டைப் பார்த்தவர். ஒரு நாளும் ஏறியதில்லை. ஜெசிந்தா அக்காவும் தராசை விட்டுவிட்டு அருகில் வந்தார். "ஓம், சொல்லுங்களன் தங்கச்சி." அந்நேரம் ஒரு படகு கரையேறவே, அவர் மீன் நிறுக்க ஓடினார். அதன் பின்பே நான் வாயைத் திறந்தேன். மண்ணின் நிறம், செங்கல், காற்று, அவர்கள் வலை போடும் நீர் மேலிருந்து பார்க்கப் பச்சையாகத் தெரிவது வரை கணவருக்குச் சொன்னேன். பொத்திய வலையைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். வாகன வசதி இருந்தால் வாகனத்திலேயே போங்கள். புகையிரதம் புத்தளம் வரைக்குமே உதவும், அதற்குப் பின் எப்படியும் ஜீப் வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்தால் வாடகை பாரமாகாது. மாசி, பங்குனி நல்ல காலம். தண்ணீரும் உணவும் கையோடு கொண்டு போங்கள். உள்ளே கடை எதுவும் இல்லை.

அடுத்த மாதம் சிலாபத்து உறவினரோடு ஜெசிந்தா அக்காவும் போகப் போகிறாராம். ஜீப் சாரதியின் எண்ணைக் கேட்டார், கொடுத்தேன். எத்தனை மணிக்கு மேலே நின்றால் நல்லது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்: வாயில் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், ஒன்பதுக்கு முன் உச்சியில் நில்லுங்கள். அதற்குப் பிந்தினால் கடலில் யார் கையசைத்தாலும் தெரியாது.