இரவு ஷிப்டும் காலை ஊசியும்

என் தம்பிக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். சுரங்கத்தில் இரவு ஷிப்டு முடித்து குவார்ட்டர்ஸுக்கு வந்தவன், ஊசியைப் போட்டுக்கொண்டு, தூங்கி எழுந்து சாப்பிடலாம் என்று படுத்துவிட்டான். எழுப்பியபோது நினைவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைக்கவைத்தார்கள்.

"ஊசி போட்டா உடனே சாப்பிடணும்னு தெரியாதா?" என்று அதட்டினார் டாக்டர்.

"ராவெல்லாம் முழிச்சிகினு வந்தவருக்கு அதாங்க ராத்திரி. இன்னா ஷிப்டுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் தம்பி மனைவி.

ஷிப்டை மாற்றுவது தன் வேலையில்லை என்றார் அவர். ஷிப்டு ஆபீசிலோ, வியாதியைப் பார்ப்பது டாக்டர் வேலை என்றார்கள். இரண்டு மேஜையிலும் டெலிபோன் இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

மறுவாரமும் தம்பிக்கு இரவு ஷிப்டுதான், அதே காலை ஊசிதான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை மனைவிதான் தூங்கவிடாமல் காவல் இருந்தாள்.