கூரைத் தண்ணீர் சொட்டும் கோடு: கோலா பிலா பக்கம் ஒரு தோட்டக் கோயில்

நேற்று, பள்ளி விடுமுறையில், நானும் பெரியம்மாவும் கோலா பிலா பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய் வந்தோம். அங்கிருக்கும் பழைய மாதா கோயிலை வரும் திங்கட்கிழமை இடிக்கிறார்கள். அதற்குள் பெரியம்மாவின் மூத்த பிள்ளையைத் தோண்டி எடுக்க வேண்டும். இறந்தே பிறந்த பெண் குழந்தை. எனக்கு இப்படி ஒரு அக்கா இருந்ததே போன வாரம்தான் தெரியும்.

கொஞ்சம் வரலாறு, தூங்கிவிடாதீர்கள். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்பது அந்த நாளைய கண்டிப்பு. அந்தத் தோட்டத்து உபதேசியார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாராம். கோயில் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டும் கோட்டில், சுவரோரம் புதைத்துவிடுவது. கோயிலைத் தொட்டு வருகிற தண்ணீர், ஒவ்வொரு மழைக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம். சிலுவை நடக்கூடாது, பெயர் எழுதக்கூடாது. அதனால்தான் போன மாதம் சிலுவை இருந்த கல்லறைகளையெல்லாம் டவுனுக்கு மாற்றியபோது இந்தப் பிள்ளைகள் கணக்கில் வரவில்லை.

எங்கள் ஊர் ரஹாங்கிலிருந்து காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். தெரிந்த டாக்சிக்காரர் சேகர் அண்ணன், போக வர வாடகை நூற்றெண்பது வெள்ளி. கோலா பிலா வரை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். மலைப்பாதை வளைவுகளில் காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் நாசி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அங்கிருந்து தோட்டத்துக்குப் பதினொரு கிலோமீட்டர். கடைசி மூன்று கிலோமீட்டர் தார்ச் சாலை, தாரைத்தான் காணோம். மூன்றாம் பிரிவு என்று பலகை நிற்கிறது. பெயருக்கேற்ப எல்லாரும் பிரிந்து போய்விட்டார்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை மரங்கள்.

கோயில் சின்னது. முழங்கால் உயரச் செங்கல் அடித்தளம், அதன்மேல் பலகைச் சுவர், கண்ணாடி இல்லாத மரச்சட்ட ஜன்னல்கள். மழை தங்காதபடி செங்குத்தான தகரக் கூரை. கோபுரத்தைச் சுவர் தாங்காது என்று வெளியே இரண்டு கம்பம் நட்டு, மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சுவரைச் சுற்றிச் சிமெண்டுத் தரை போட்ட தாழ்வாரம். பீடத்தைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே வௌவால் நாற்றம்.

"வலது பக்கம், ரெண்டாவது ஜன்னலுக்கு நேரா," என்றார் பெரியம்மா.

இடிப்பு வேலையைப் பார்க்கும் மேஸ்திரி நல்ல மனிதர். இடத்தைக் காட்டினால் தோண்டித் தருகிறேன் என்றார். தாழ்வாரத்துக்கு வெளியே, தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சரளை தெரிந்த கோட்டில், இரண்டு ஆட்கள் இடுப்பளவு தோண்டினார்கள். ஒன்றுமில்லை. இடமும் வலமும் தோண்டினார்கள். பெரியம்மா, பிள்ளையை எடுத்துப்போகக் கொண்டுவந்த பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

வெயிலுக்கு ஒதுங்கித் தாழ்வாரத்தில் மல்லாந்து படுத்தபோதுதான் பார்த்தேன். மேலே கூரையைத் தாங்கும் பழைய கைமரங்களின் நுனிகளெல்லாம் ஒரே கோட்டில் அறுபட்டிருந்தன. அவற்றோடு வேறு மரம் சேர்த்து ஆணி அடித்துக் கூரையை நீட்டியிருந்தார்கள். பழைய கூரை சுவரிலிருந்து ஒரு கை தூரத்தோடு முடிந்திருக்கிறது. அப்படியென்றால் பழைய தண்ணீர்க் கோடு நான் படுத்திருந்த சிமெண்டுக்கு அடியில். சட்டென்று எழுந்துவிட்டேன்.

பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். குழந்தையைப் புதைத்த அடுத்த மாதமே அவர் ரஹாங்குக்கு வந்துவிட்டார், அப்புறம் இங்கே வந்ததில்லை. பெரியப்பாதான் சாகும்வரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் வந்தவர்.

"ஜனம் மழையில நிக்குதுன்னு ஞாயித்துக்கிழமை எல்லாம் சிமெண்டு கலக்க வந்தாருடி. தனியா கொட்டகை போடுறாங்கன்னு நெனச்சேன்," என்றார். "ஒவ்வொரு வருஷமும் திரும்பி வந்து சொல்வாரு. தண்ணி நல்லா விழுது, பிள்ளை நனையுதுன்னு."

எனக்கு எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக் வரும். அப்போது வரவில்லை.

மேஸ்திரி சிமெண்டை உடைக்கச் சொன்னார். அடியில் மண் மாவு மாதிரி உலர்ந்து கிடந்தது. முழங்கை ஆழத்தில் துருப்பிடித்த ஆணிகள் நாலு. குழந்தையைப் பால் டின் அடைத்து வரும் மரப்பெட்டியில் வைத்துத்தான் புதைத்தார்களாம். பெட்டி இல்லை, வேறெதுவும் இல்லை.

"சின்ன எலும்பு இந்த மண்ணுல நிக்காது அக்கா," என்றார் மேஸ்திரி.

பெரியம்மா ஆணிகளையும் மண்ணையும் கையாலேயே அள்ளி டின்னில் போட்டார். பிறகு நிமிர்ந்து, "அந்தத் தகரத்துல ஒண்ணு வேணும். பழைய கூரைத் தகரம்," என்றார்.

டாக்சி மேல் கயிறு போட்டுக் கட்டும்போது சேகர் அண்ணன் முனகிக்கொண்டே இருந்தார். "பெயிண்ட் போயிரும் லா. போலீஸ் பார்த்தா எனக்குத்தான் சம்மன்." என்ன ஏது என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. பெரியம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். குடையில்லாமல் இறங்கிப் பின்பக்கம் போய், டின்னின் மூடியைத் திறந்து தகரத்தின் விளிம்புக்குக் கீழே நீட்டினார். தண்ணீர் முன்பக்கமே வழிந்தது. சேகர் அண்ணன் இறங்கி, முன்கயிற்றை அவிழ்த்து, தகரத்தின் நுனியை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் பின்னால் ஓடியது. மண் கறுத்துச் சேறாகும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

பெரியப்பா சிமெண்டையும் போட்டுவிட்டுப் பிள்ளை நனையுது என்று சொல்லிவந்தது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரியம்மாவும் இதுவரை சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தோட்டத்துக்குள் பஸ் கிடையாது. குடிதண்ணீர் கொண்டுபோங்கள், கடையும் கிடையாது. நாங்கள் உடைத்தது ஒரே ஒரு ஜன்னலுக்கு நேரே. அந்தக் கோட்டில் இருப்பது எங்கள் அக்கா மட்டுமாக இருக்காது. உங்கள் வீட்டிலும் பேசாமல் விட்ட பிள்ளை ஒன்று இருந்தால், ஞாயிறு மாலை வரை மேஸ்திரி அங்கே இருப்பார். வெளியே தோண்டாதீர்கள். தாழ்வாரத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள்.