மீட்டரின் நாடி

மாடிப்படி விளக்கை வீட்டுக்காரர் கணக்குக்கு மாற்ற வைத்தாள். அவருடைய தண்ணீர் மோட்டாரைத் தன் மீட்டரிலிருந்து பிரிக்க வைத்தாள். உடைந்த ஜன்னலுக்கு அவரையே கண்ணாடி போட வைத்தாள். இத்தனைக்கும் பிறகு அதே அறையில்தான் வாடகைக்கு இருக்கிறாள். தங்கையைப் பற்றி யார் கேட்டாலும் அண்ணன் இந்த வரிசை மாறாமல்தான் சொல்வார்.

கட்டடத்தில் அவளுக்கு ‘மெயின் சுவிட்சு’ என்று பெயர். வெளியே கிளம்பும்போது எதையும் அணைக்காமல் போகமாட்டாள். சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. பகலெல்லாம் ஆவியில் வேகிறவள் வீட்டுக்கு வந்தால் மலைக்குளிரில் விறைத்துப்போவாள். கதவிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஹீட்டர் எதிரே உட்காருவாள். அதைப் போடமாட்டாள்.

“பாத்தாலே பாதிக் குளிரு போயிடும்ணே.”

அப்படியிருந்தும் பில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மீட்டரில் சிவப்புப் புள்ளி மின்னுவது அதன் நாடித்துடிப்பு, எல்லாவற்றையும் அணைத்தாலும் துடிக்கத்தான் செய்யும் என்று வீட்டுக்காரர் சொல்லிவைத்திருந்தார். குடியிருந்த எல்லோரும் நம்பினார்கள், அண்ணன் உட்பட.

ஒரு விடுமுறை நாளில் அவள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன் நின்றாள். புள்ளி துடித்தது. கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் மோட்டார் நின்றது. கூடவே நாடியும் நின்றது.

“அவரு தொட்டி ரொம்புற வரைக்கும்தாண்ணே இதுக்கு உயிரு.”

புகார் கொடுத்தால் அறை போய்விடும் என்று அண்ணன் பயந்தார். இந்த வாடகைக்கு வேறு இடம் கிடைக்காது, பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றார்.

“பல்லு ஏற்கெனவே குளிருல கடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு” என்றாள்.

புகார் கொடுக்க மின்சார அலுவலகத்துக்கு அண்ணனும் கூடப் போனார். பள்ளிக்கூடம் போகாதவள் என்று அவர்தான் சொன்னார். குமாஸ்தா மை டப்பாவை நகர்த்தி வைத்தார். பெயர் இல்லாமல் ரேகையோடு போவதே நல்லது, வீட்டுக்காரருக்கு ஆள் தெரியாது என்று அண்ணனுக்கும் தோன்றியது. அவள் டப்பாவைத் திருப்பித் தள்ளினாள்.

“ரேகைன்னா யாரோ ஒருத்தின்னு போயிடும். பேரு இருக்கட்டும். கேக்குறதா இருந்தா என்னயக் கேக்கட்டும்.”

வேலைக்குப் போடும் கோட்டில் தைத்திருந்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்து, பனி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதிப் பழகியிருக்கிறாள் என்பது அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சட்டைக் காலரில் இஸ்திரிப்பெட்டியை அழுத்துவதைப்போலப் பேனாவை அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு முடித்தாள்.

அதன் கீழே குமாஸ்தா தேதி போட்டார்: 2023 ஜனவரி 24, செவ்வாய்க்கிழமை.